பந்தைத் தொடாத பையன்

வெள்ளிக்கிழமை இரவு எங்கள் ஊர் மைதானத்தில் அமெரிக்க ஃபுட்பால் நடக்கும்போது எல்லார் கண்ணும் பந்து போகிற பக்கம்தான் போகும். நான் மட்டும் இரண்டு வருடமாக 54-ஆம் நம்பர் பையனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் லெஃப்ட் கார்டு. முன்வரிசையில் நின்று எதிராளியை மறிக்கிறவன். பள்ளிக்காக ஆடிய இத்தனை ஆட்டத்தில் ஒரு தடவைகூடப் பந்து அவன் கைக்கு வந்ததில்லை.

நான் மேற்கு டெக்சாஸில் ஒரு சின்ன ஊரில் கணக்கு வாத்தியார். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் என்னை 'மிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள், பெயர் சேர்ப்பதில்லை. வந்த புதிதில் ஃபுட்பால் என்றால் எனக்குக் காலால் உதைக்கிற ஆட்டம்தான். இவர்கள் ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டு ஆடுவதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் டெக்சாஸில் கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டு ஃபுட்பாலிலிருந்து ஒதுங்கி நிற்க முடியாது. 1984-இல் இங்கே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 'நோ பாஸ், நோ ப்ளே' என்பார்கள். ஏதாவது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் மூன்று வாரம் ஆட முடியாது, பயிற்சிக்கு மட்டும் வரலாம். அப்படித்தான் 54 என் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தான். காலை ஏழே கால் மணி, கையில் அல்ஜீப்ரா நோட்டு, கண்ணில் தூக்கம். அவன் அப்பா வேலி போடும் வேலை செய்கிறார். சனி, ஞாயிறு இவனும் கூடப் போய்க் கம்பம் நடுவான்.

ஒரு நாள் கணக்கு முடிந்ததும், "மிஸ்டர், ஒரு வீடியோ பாருங்க" என்று லேப்டாப்பைத் திருப்பினான். ஹடல் என்று ஒரு தளம் இருக்கிறது. பள்ளி அணிகள் எல்லாம் ஆட்டத்தைப் படம் பிடித்து அதில்தான் ஏற்றுவார்கள். கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்ப்பதும் அதில்தான். இவன் தானே வெட்டி ஒட்டிய வீடியோ ஏழு நிமிடம் ஓடியது. பின்னால் காதைப் பிளக்கிற பாட்டு. முதல் காட்சியில் எங்கள் பையன் ஒருவன் 60 கஜம் ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போடுகிறான். சரி, இதில் நீ எங்கே என்று கேட்டேன். திரையின் ஓரத்தில் ஒரு புள்ளியைக் காட்டினான்.

அந்தப் புள்ளியை மட்டும் மெதுவாக ஓட்டச் சொன்னேன். பந்து கிளம்பியதும் வலது காலைப் பின்னால் எடுத்துவைக்கிறான். தோளைத் திருப்பிக்கொண்டு, தன் அணியின் முதுகுக்குப் பின்னாலேயே வலது பக்கம் ஓடுகிறான். 250 பவுண்டு உடம்பு, ஆனால் இடுப்பு கொஞ்சமும் எழும்பவில்லை. இடைவெளி வந்ததும் உள்ளே திரும்புகிறான். திரும்பும்போதே தலை உள்பக்கம் பார்க்கிறது, ஏனென்றால் எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நின்று தடுக்கிற லைன்பேக்கர் அங்கிருந்துதான் வருவான். வந்தான். இவன் இரண்டு கையையும் அவன் நெஞ்சுக்குக் கீழே கொடுத்து நெம்பினான். அந்தப் பையன் மல்லாக்க விழுந்தான். ஓடுகிறவன் அந்த வழியாகத்தான் போனான். 54 திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டச்டவுன் போனது உனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தத்தை வச்சுத்தான், மிஸ்டர்."

எங்கள் ஊர்ப் பக்கம் கபடியில் பாடிப் போகிறவன் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும். ஓரத்தில் நின்று கால் பிடிக்கிறவன் பெயர் கூட ஆடுகிறவனுக்கு மட்டும்தான் தெரியும். நான் ஓரத்தில் நின்று பிடித்தவன். அன்றைக்கு உட்கார்ந்து அந்த வீடியோவைப் புதிதாக வெட்டினோம். பாட்டை எடுத்துவிட்டோம். ஏழு நிமிடத்தை மூன்றாக்கினோம். ஒவ்வொரு காட்சியும் தொடங்குமுன் 54-இன் தலைமேல் ஓர் அம்புக்குறி. இருப்பதில் சிறந்த ஐந்து காட்சிகளை முதலிலேயே வைத்தோம், ஏனென்றால் பார்க்கிறவர் அரை நிமிடத்தில் மூடிவிடுவார்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. எங்கள் பள்ளி ஆடுவது விங்-டி என்ற பழைய முறை. பந்தை எறிவது குறைவு, ஓடுவதுதான் அதிகம். ஆள் குறைந்த சின்னப் பள்ளிகளுக்கு ஏற்ற ஆட்டம் அது. கல்லூரிகளோ பந்து எறியும்போது முன்வரிசையில் நிற்கும் லைன்மேன் எப்படிப் பின்வாங்கிக் காக்கிறான் என்பதைத்தான் முதலில் கேட்கும். இரண்டு சீசனையும் அலசியதில் அப்படிப்பட்ட காட்சி 41 தேறியது. அத்தனையையும் தனி வீடியோவாகப் போட்டோம்.

இந்த விங்-டியைச் சொல்லும்போது கேம் வார்டைச் சொல்லாமல் போக முடியாது. ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே வெஸ்ட் கொலம்பியா என்ற சிறு ஊர், கொலம்பியா ஹை ஸ்கூல். அங்கேயும் விங்-டிதான். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்காக ஆடியும் அவர் எறியக் கிடைத்த பந்துகள் கொஞ்சம். தரம் பிரித்து நட்சத்திரம் போடும் தளங்கள் அவருக்கு ஒரு நட்சத்திரம்கூடப் போடவில்லை. முழு உதவித்தொகையோடு கூப்பிட்டது ஒரே கல்லூரி, சான் அன்டோனியோவில் இருக்கும் இன்கார்னேட் வோர்ட். தங்கள் முகாமுக்கு வந்தவர் எறிவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், பிறகு மயாமி. 2024 சீசனில் 39 டச்டவுன் எறிந்தார். 2025 ஏப்ரலில் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாக டென்னசி டைட்டன்ஸ் அவரை எடுத்தது. எங்கள் பையன்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். நான் அதில் பிடித்துக்கொள்வது ஒன்றைத்தான்: யாரோ ஒருவர் நேரில் பார்த்தார்.

கலிஃபோர்னியாவில் ஃபயர்பா என்ற ஊரின் விவசாயக் குடும்பத்துப் பையன் ஜாஷ் ஆலனுக்கும் பள்ளி முடிக்கும்போது பெரிய கல்லூரி எதுவும் கை கொடுக்கவில்லை. ரீட்லி என்ற இரண்டு வருடக் கல்லூரியில் ஆடினார். ஊர் ஊராகப் பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கடைசியில் வயோமிங் எடுத்துக்கொண்டது. 2018 என்எஃப்எல் தேர்வில் ஏழாவது ஆளாக பஃபலோ பில்ஸ் அணிக்குப் போனார், 2024 சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான்.

இப்போது நிலைமை இன்னும் இறுக்கம். 2018-இல், கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதிகிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021-இலிருந்து ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்குப் போனாலும் உடனே ஆடலாம் என்றாகிவிட்டது. பயிற்சியாளருக்கு நாளைக்கே ஜெயிக்க வேண்டும். 22 வயதில், மூன்று வருடம் கல்லூரியில் ஆடித் தேறியவன் கிடைக்கும்போது 17 வயதுப் பையனை எதற்கு எடுப்பார்? 2025-இலிருந்து பெரிய அணிகளுக்கு 105 பேர் என்று உச்சவரம்பும் வந்திருக்கிறது. முன்பு 85 பேருக்குத்தான் உதவித்தொகை, ஆனால் அதற்கு மேலே சொந்தச் செலவில் சேர்ந்து இடம் பிடிக்கிற வாக்-ஆன் பையன்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஜே.ஜே. வாட் விஸ்கான்சினில் அப்படி நுழைந்தவர்தான். ஹூஸ்டன் டெக்சன்ஸில் ஆடி நாட்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை வாங்கினார். அந்த வாசல்தான் சுருங்குகிறது. எனக்கு இது மனசு ஆறவில்லை.

சரி, என் கையில் இருப்பது கணக்கு. போன ஏப்ரலில் 54-இன் மதிப்பெண் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெரிய கல்லூரிகள் இருக்கும் டிவிஷன் ஒன்றில் ஆட 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும், அவற்றில் சராசரி நாலுக்கு 2.3. அதில் பத்து பாடங்களைக் கடைசி வருடம் தொடங்குமுன்பே முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணக்கு, அறிவியலாக இருக்க வேண்டும். கடைசி வருடம் தொடங்கிவிட்டால் அந்த ஏழின் மதிப்பெண் பூட்டியாகிவிடும், மறுபடி எழுதித் திருத்திக்கொள்ள முடியாது. இவன் ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ராவில் தத்தித் தாவித் தேறியிருந்தான். அந்த வருடம் அவன் வீட்டில் நிறைய நடந்தது, அதை இங்கே எழுதமாட்டேன். கோடை விடுமுறையில் அந்தப் பாடத்தை மறுபடி எடுக்கவைத்தேன். ஒரு மாதம் தாமதமாகப் பார்த்திருந்தால் வாய்ப்பு போயிருக்கும். டெக்சாஸ் பள்ளிகளில் வேலை பார்க்கிற நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் ஆடுகிற பிள்ளை இருந்தால் ஒன்பதாம் வகுப்புப் பட்டியலை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பெற்றோருக்கு இந்த விதி தெரிந்திருக்காது.

ஜூனில், அதற்கு அடுத்த படியான டிவிஷன் டூவில் ஒரு கல்லூரியின் ஒருநாள் முகாமுக்குப் போனோம். எங்கள் லைன் கோச் வண்டி ஓட்டினார், நான் பின்சீட்டில். மூன்று மணி நேரப் பயணத்தில் 54 வாயே திறக்கவில்லை. அங்கே முதல் வேலை ஷூவைக் கழற்றிச் சுவரோடு நிறுத்தி அளப்பது. எங்கள் பள்ளி அச்சடித்த தாளில் அவன் உயரம் 6 அடி 2 அங்குலம். எல்லாப் பள்ளியும் இப்படிக் கொஞ்சம் கூட்டித்தான் போடும். அளவுகோலைத் தலைமேல் இறக்கியவர், "ஆறடி முக்கால் அங்குலம்" என்று சத்தமாகச் சொன்னார். ஒருவர் எழுதிக்கொண்டார். 54 குனிந்து ஷூ கயிறைக் கட்டினான், கட்டி முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

பிற்பகலில் ஒருவனுக்கு ஒருவன் மோதும் பயிற்சி. முதல் தடவை 6 அடி 4 அங்குலப் பையன் ஒருவன் இவன் தோளுக்கு மேலே கையைப் போட்டு நீந்துகிற மாதிரி தாண்டிப் போய்விட்டான். இரண்டாவது ஆளும் தாண்டினான். வரிசையின் பின்னால் போய் நிற்க வேண்டியவன், அந்த நெட்டைப் பையனிடமே போய் இன்னொரு தடவை வா என்றான். இந்தமுறை பின்வாங்கும்போது கையை முன்பே நீட்டவில்லை. அவன் கை எழும்பும்வரை பொறுத்து, எழும்பியதும் விலாவுக்குக் கீழே பிடித்து நிறுத்தினான். விசில் அடிக்கும்வரை விடவில்லை. கடைசியில் ஒரு பயிற்சியாளர் எங்கள் பக்கம் நடந்து வந்தார். வீடியோவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மதிப்பெண் பட்டியல் இருக்கிறதா என்றார். என் பையில் நாலு பிரதி இருந்தது.

இன்னும் உதவித்தொகை ஆஃபர் வரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பயிற்சியாளரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வரும், நேற்றைய ஆட்டத்தை அனுப்பு என்று. டிவிஷன் டூவில் ஓர் அணிக்கு 36 முழு உதவித்தொகைதான். அதை நூறு பேருக்குப் பங்குபோட்டுக் கொடுப்பார்கள், ஆகவே வந்தாலும் பாதியோ காலோதான் வரும்.

போன வாரம் அவன் அம்மா பள்ளிக்கு வந்தார். முதியோர் இல்லத்தில் இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்தார். அவர் ஸ்பானிஷில் கேட்க, மகன் மொழிபெயர்த்தான். ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: கல்லூரிச் செலவு, அதில் அரசு தரும் பெல் கிராண்ட், படிப்புக்குக் கிடைக்கக்கூடியது, ஃபுட்பாலுக்கு வரக்கூடியது. கழித்துப் பார்த்தால் அடியில் ஒரு தொகை நின்றது. அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, மகனிடம் ஏதோ கேட்டார்.

"இது ஒரு வருஷத்துக்கா, நாலு வருஷத்துக்குமான்னு கேக்குறாங்க, மிஸ்டர்."

ஒரு வருடத்துக்கு என்றேன். தாளை நாலாக மடித்துச் சீருடைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஆட்டம் எத்தனை மணிக்கு என்று அதற்கப்புறம் கேட்டார்.