நிலவறைக் குறிப்புகள்: முதலில் ஓதம், அப்புறம் பலகை

ஏப்ரல் 6

பேஸ்மென்ட் சுவரை மூடியிருந்த பழைய மரப்பலகைகளைக் கழற்றியாயிற்று. பின்னால் கான்கிரீட்டில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளைப் பொடி. பூசணமோ என்று முதலில் தோன்றியது. தண்ணீர் தெளித்தால் கரைகிறது, அதனால் உப்புதான். சுவர் வழியாக வந்த நீர் ஆவியாகிப் போகும்போது, தன்னோடு கொண்டுவந்த உப்பை அங்கேயே விட்டுவிட்டது. இந்த அறையை என்ன செய்யலாம் என்று வீட்டில் ஆளுக்கொரு திட்டம் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதில் எதையும் தொடப்போவதில்லை.

ஏப்ரல் 7

இரண்டடிச் சதுரமாக பாலித்தீன் தாள் வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு, இரண்டு சுவர்களிலும் தரையிலும் ஒட்டினேன். தாளுக்குப் பின்பக்கம் நனைந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. முன்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றிலிருந்து.

ஏப்ரல் 9

வடக்குச் சுவரில் தாளின் பின்பக்கம் நன்றாக நனைந்திருக்கிறது. எதிர்ச்சுவரில் முன்பக்கம் துளிகள். தரையில் தாளுக்கு அடியில் கான்கிரீட் கறுத்திருக்கிறது. ஆக, இரண்டு நோயும் இருக்கிறது!

மதிப்பீடு சொல்ல வந்த ஒப்பந்தக்காரர், உள்ளே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடித்து மேலே ஜிப்சம் போர்டு போட்டுவிடலாம் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சுவருக்கு வெளியே ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அடியில் சதுர மீட்டருக்கு ஒரு டன் அளவு அழுத்தம். வெளிப்பக்கப் பூச்சை அது சுவரோடு சேர்த்து அமுக்கும். உள்பக்கப் பூச்சையோ சுவரிலிருந்து பிய்த்துத் தள்ளத்தான் பார்க்கும். மேலே போர்டு வேறு இருந்தால் பெயின்ட் உரிவதும் கண்ணில் படாது.

ஏப்ரல் 14

நல்ல மழை. குடையோடு வெளியே நின்று பார்த்ததில் பாதி விஷயம் விளங்கிவிட்டது. கூரையின் வடிகுழாய் வடக்குச் சுவரின் காலடியிலேயே கொட்டுகிறது. 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர். போதாததற்கு, வீடு கட்டியபோது சுவரை ஒட்டி நிரப்பிய மண் காலப்போக்கில் அமுங்கி, சரிவு வீட்டை நோக்கித் திரும்பியிருக்கிறது.

ஏப்ரல் 27

குழாயை இரண்டு மீட்டர் தள்ளி நீட்டியாயிற்று. சுவரோரம் களிமண் கொட்டி இடித்து, பத்தடி தூரத்துக்குள் ஆறு அங்குலம் இறங்கும்படி சரிவு. முதுகு வலி.

மே 12

இரண்டு பெரிய மழைக்குப் பிறகும் வடக்குச் சுவரில் புதிதாக ஒட்டிய தாளின் பின்பக்கம் காய்ந்தே இருக்கிறது. மெல்லிய விரிசல் ஒன்றில் மட்டும் கசிவு. பாலியூரித்தேன் என்ற பிசினை ஊசி வழியாக விரிசலுக்குள் செலுத்தி அடைத்தார்கள். அடியோரத்தில் ஊற்று நிற்காமல் இருந்திருந்தால் தரையை வெட்டி வடிகால், குழியில் சேரும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் என்று செலவு எங்கேயோ போயிருக்கும்.

ஜூன் 3

“ஜன்னலைத் திறந்து விடுக்கா, காத்து வந்தா காஞ்சிடும்” என்றான் தம்பி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம். அந்தக் காற்று 23 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் விடும். சுவரோ 18 டிகிரி. ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பது போலத்தான். ஜன்னலைச் சாத்தி, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையரை ஓட விட்டேன், அதன் குழாயை நேராக வடிகாலில் சொருகி. தொட்டியில் சேரவிட்டால், நிரம்பியதும் இயந்திரம் நின்றுவிடும்; யாரும் கவனிக்க மாட்டார்கள். ஈரப்பதம் 50-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 60-ஐத் தாண்ட விடக்கூடாது.

ஜூன் 15

இன்று முழுக்கச் சுவர்ப் பேச்சு. ஒப்பந்தக்காரர் மரச்சட்டம், அதற்குள் கண்ணாடி இழைப் பஞ்சு, அதன்மேல் பாலித்தீன் என்கிறார். அறைக் காற்று எப்படியாவது பஞ்சைத் தாண்டிப் போய் குளிர்ந்த கான்கிரீட்டில் நீராகும். மண்ணிலிருந்து வரும் கொஞ்ச ஈரமும் உள்ளே உலர வழியில்லாமல் பாலித்தீன் தடுக்கும். நடுவில் பஞ்சு நனைந்தபடியே கிடக்கும்.

நான் கேட்டது வேறு: கெட்டியான ஃபோம் பலகையைக் கான்கிரீட்டோடு இடைவெளியின்றி ஒட்டி, இணைப்புகளுக்கு டேப் போட்டு, அதற்கு முன்னால் சட்டம். குளிர்ந்த பரப்பை அறைக் காற்று தொடவே முடியாது. பாலித்தீன் கிடையாது. தரையைத் தொடும் அடிச்சட்டம் மருந்தேற்றிய மரமாக இருக்க வேண்டும், அதற்கு அடியில் ஃபோம் பட்டை. ஜிப்சம் போர்டு தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கியே நிற்கட்டும். அதன் காகித முகம் தண்ணீரை உறிஞ்சும், பூசணத்துக்குத் தீனியும் அதுதான். ஆனாலும் போர்டை விட முடியாது, ஃபோம் தீப்பற்றும், மூடியே ஆக வேண்டும். கடைசியில் அவர் ஒத்துக்கொண்டார், கொஞ்சம் முறுக்கோடு.

ஜூன் 20

தரையில் ஒட்டிய தாளுக்கு அடியில் இன்னும் கறுக்கிறது. கான்கிரீட்டுக்கு அடியில் பாலித்தீன் போடாத பழைய தளம், மண்ணின் ஈரம் மேலே ஏறிக்கொண்டுதான் இருக்கும். மரத்தளம் இங்கே வேண்டாம். டைல் போட்டுவிடலாம், அதற்கு இந்த ஈரம் பொருட்டில்லை. மரத்தளக் கனவோடு இருந்தவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. டைல்காரர் செவ்வாய்க்கிழமை வருகிறார், அதற்குள் சொல்லியாக வேண்டும்.