விளக்கெண்ணெய்ப் புட்டி

அப்பாயி காலமான பிறகு ஓராண்டுக்கு எங்கள் வீட்டில் யாரும் கோயில் வாசலை மிதிக்கவில்லை. தலைத்திவசம் முடிந்த மறு வாரம், ஆனி மாதத்து வெள்ளிக்கிழமையன்று, "முதல்ல கருகாவூருக்குத்தான் போகணும்" என்றார் அப்பா. தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். அது ஒருபுறம் இருக்க, அப்பாயிக்குக் கோயில் என்றாலே அதுதான்.

அம்மாபேட்டைப் பக்கத்திலிருந்து சாலியமங்கலம் வந்து, பாபநாசம் சாலையில் திரும்பிப் போனால் வெட்டாற்றங்கரையில் திருக்கருகாவூர். மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்திருந்ததால் வழியெங்கும் குறுவை நாற்றங்கால் பச்சை கட்டியிருந்தது.

சுவாமி முல்லைவனநாதர் புற்று மண்ணால் ஆனவர் என்பதால் அவருக்கு நீரால் அபிஷேகம் கிடையாது, புனுகுதான் சாத்துகிறார்கள். இந்தத் தலத்துக்கு அப்பர் பாடிய திருத்தாண்டகத்தில் ஒவ்வொரு பாட்டும் 'கண்ணாம் கருகாவூர் எந்தை தானே' என்று முடியும். பள்ளிக்கூடம் போகாத அப்பாயி அதைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்திருந்தார். ஆனாலும் சுவாமி சந்நிதியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "அவரு அப்பனைப் பாடிட்டுப் போயிட்டாரு, நான் ஆத்தாளைப் பாக்கணும்" என்று கர்ப்பரட்சாம்பிகையிடம் நடந்துவிடுவார்.

நித்துவர் என்பவரின் மனைவி வேதிகை கருவுற்றிருந்தபோது, பிச்சைக்கு வந்த ஊர்த்துவபாத முனிவரைச் சோர்வினால் உடனே உபசரிக்க இயலாமல் போக, அவரிட்ட சாபத்தால் கலைந்த கருவை அம்பிகை ஒரு குடத்தில் வைத்துக் காத்து, உரிய காலத்தில் குழந்தையாக அளித்தாள் என்பது தலபுராணம். இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாயி முனிவர்மேல் சிறிதும் இரக்கம் காட்டியதில்லை. "புள்ளத்தாச்சி எந்திரிச்சு வர நேரமாகாதா? இதுக்குப் போயி சாபமா?" என்பார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

அப்பாயியின் முதல் பிள்ளை பிரசவத்திலேயே தங்கவில்லை. அதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார், அதுவும் கொட்டைமுத்து வறுத்துக்கொண்டிருக்கையில், முகத்தை நிமிர்த்தாமல். அடுத்ததாக அப்பா வயிற்றிலிருந்தபோது யாரோ கருகாவூர் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அம்பாள் திருவடியில் வைத்துப் பூசித்த அந்த விளக்கெண்ணெயைப் பிரசவ வலி எடுக்கும்போது அடிவயிற்றில் தடவுவது இந்தப் பக்கத்து வழக்கம். அப்பா பிறந்ததிலிருந்து தெருவில் எந்தப் பெண் உண்டானாலும், அவள் கேட்குமுன்பே அப்பாயி கோயிலுக்குப் புறப்பட்டுவிடுவார். பேச்சு நின்றுபோன வீட்டுக்கும் எண்ணெய் போயிருக்கிறது. வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

அன்று தங்கை அம்பாள் சந்நிதிப் படியில் உட்கார்ந்து, நெய் தடவிய விரலால் மெழுகிக் கோலம் போட்டாள். பிள்ளை வரம் வேண்டி வந்தவர்களும், பிரசவத்துக்கு நாள் நெருங்கியவர்களும் வரிசையில் நின்றார்கள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கி நிற்கும் அம்பாளின் கோலத்தைப் பார்த்ததும், அப்பாயி மடியில் புட்டியைச் செருகிக்கொண்டு அதன்மேல் கையை வைத்தபடியே பேருந்தில் நின்று வருவது என் நினைவுக்கு வந்தது.

அவர் போன பிறகு பெட்டியை ஒழித்தபோது, புடவைகளுக்கு அடியில் ஒரு பழைய மருந்துப் புட்டி கிடைத்தது. முக்கால் அளவு எண்ணெய். மூடிக்குக் கீழே தினக்காலண்டர் தாளைச் சுருட்டி நூலால் கட்டியிருந்தார். யாருக்கென்று குறிப்பு ஏதும் இல்லை, எழுதவும் அவருக்குத் தெரியாது. தங்கை கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்த சமயம் அது.

அர்ச்சனை முடிந்ததும் அர்ச்சகர் எண்ணெயை நீட்டினார். அப்பா இன்னொன்றும் கேட்டார். "வீட்டுல ரெண்டு பேரா?" என்றார் அர்ச்சகர்.

"இல்லை சாமி. யாராவது கேட்டு வருவாங்க" என்று சொல்லி, இரண்டாவது புட்டியை வேட்டி மடியில் செருகிக்கொண்டார் அப்பா.