11 வருட வேலைக்கு ஒரு சான்றிதழ்: அலைந்த கதையும் சில குறிப்புகளும்

போன வாரம் சான்றிதழ் கைக்கு வந்தது. கிராபிக் டிசைனுக்கு என்.வி.கியூ 4, அதாவது தேசிய தொழிற்தகைமையின் நான்காம் மட்டம். வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையைக் காட்டியே எடுக்கும் முன்கற்றல் அங்கீகார வழியில் எடுத்தேன். விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து எண்ணினால் 14 மாதம். இதே வழியில் போக நினைக்கிற ஆட்கள் இலங்கையின் கிழக்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். என் நேரம் வீணான இடங்களில் உங்கள் நேரமும் வீணாகக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

திருகோணமலையில் வீட்டில் இருந்தபடி 11 வருடமாக இந்த வேலை செய்கிறேன். கலியாண அட்டை, சாமத்திய வீட்டு பேனர், கோவில் திருவிழா நோட்டீஸ், 31ஆம் நாள் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு புத்தகம்). உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு மெனுவும் பெயர்ப்பலகைகளும் செய்ய விலை கேட்டிருந்தார்கள். போய்ப் பேசும்போது, "எங்கே படித்தீர்கள் மிஸ்?" என்று கேட்டார்கள். சாதாரணமாகத்தான் கேட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை. வேலை கொழும்புக்குப் போய்விட்டது. அன்றிரவு என் முகநூல் பக்கத்தில் இருந்த 'டிசைனர்' என்ற சொல்லை அழித்தேன். அப்புறம் மூன்று மாதம் யார் விலை கேட்டாலும் குறைத்தே சொன்னேன். அவர்கள் பேரம் பேசுவதற்கு முன்பே நானே குறைத்துவிடுவேன்.

சரி, ஒரு சான்றிதழாவது எடுப்போம் என்று விண்ணப்பித்தேன். படிவம், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் ஒரு நாளில் முடிந்தன. மாட்டிக்கொண்டது அனுபவக் கடிதத்தில்.

"வேலை செய்த இடத்துக் கடிதம் வேண்டும்" என்றார் கவுண்டரில் இருந்தவர். சொந்தமாகச் செய்கிறேன் என்றேன். "அப்படியென்றால் அனுபவத்துக்கு அத்தாட்சி இல்லை" என்று கோப்பை என் பக்கம் தள்ளிவிட்டார். 11 வருடத்தை ஒரு கையால் தள்ளிய மாதிரி இருந்தது. வியாபாரப் பதிவு கொண்டுவரச் சொன்னார். பிரதேச செயலகத்தில் பதிவு செய்து எடுத்துக்கொண்டு போனால், "இது இந்த மாதத் திகதி, இதை வைத்துப் பழைய அனுபவத்தை எப்படி எடுப்பது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கலாம். இரண்டு கிழமை போனது.

வீட்டுக்கு வந்து அலுமாரிக்கு மேல் இருந்த பிஸ்கட் டின்னை இறக்கினேன். செய்த ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பிரதி போட்டு வைக்கிற பழக்கம் எனக்கு. மேலே கிடந்த அட்டையைத் திறந்தேன். மணமக்கள் பெயர், கோவில், முகூர்த்த நேரம், திகதி. கலியாண அட்டையை விடத் தெளிவாகத் திகதி போட்ட அத்தாட்சி வேறு என்ன இருக்கிறது! வருடத்துக்கு இரண்டாக 22 அட்டைகளை எடுத்து வரிசையாக ஒட்டினேன். வாடிக்கையாளர்கள் நான்கு பேரிடம் கடிதம் வாங்கி, ஜீ.எஸ்ஸிடம் (கிராம சேவகரிடம்) உறுதிப்படுத்திக் கொண்டுபோனேன். அதே கவுண்டர், அதே ஆள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் முத்திரை குத்தினார்.

ஆகவே, வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் செய்த வேலையில் ஒரு பிரதியைத் திகதியோடு எடுத்து வையுங்கள். கடிதம் தருகிறவரின் தொலைபேசி எண்ணையும் அதில் போடச் சொல்லுங்கள். ஜீ.எஸ்ஸிடம் அலுவலக நாள் பார்த்துப் போங்கள்.

மதிப்பீடு மட்டக்களப்பில். விடியற்காலை பஸ் ஏறி மூதூர், வெருகல், வாகரை தாண்டிப் போய் இறங்கினால், ஆட்கள் சேரவில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்றார்கள். ஒரு தொலைபேசி அழைப்புப் போதும், அந்த நாளும் பஸ் காசும் மிஞ்சியிருக்கும். முதல் நாள் பின்னேரம் நீங்களே எடுத்துக் கேளுங்கள்.

இரண்டாம் முறை போனபோது மதிப்பீட்டாளர் இருந்தார். என் வேலைக் கோப்பைத் திறந்தார். நான் தேர்ந்து வைத்திருந்தவை எல்லாம் பளபளப்பானவை: தங்கநிற மயில், தோரணம், வாழைமரம். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, "இதில் நீங்கள் வரைந்தது எது, தங்கச்சி?" என்று கேட்டார். எல்லாம் இந்தியத் தளங்களில் இறக்கிய மாதிரிகள். பெயரையும் திகதியையும் மாற்றியது மட்டும்தான் என் வேலை. லேயர் பிரிந்த மூலக்கோப்பு, அதாவது படமும் எழுத்தும் தனித்தனி அடுக்காக இருக்கும் கோப்பு, கேட்டார். பாதிக்கு இல்லை.

அடுத்தது செய்முறை. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிவித்தல் அமைக்க வேண்டும். வாசகத்தை யூனிகோடில் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில்) கொடுத்திருந்தார்கள். நான் இத்தனை வருடமும் பாமினி என்ற பழைய எழுத்துருவிலேயே தட்டச்சு செய்து பழகியவள். அங்கிருந்த கணினியில் பாமினி இல்லை. பென் டிரைவ் போட விடவில்லை. கொடுத்த வாசகத்தை அப்படியே போட்டோஷொப்பில் ஒட்டினேன். 'கோணேசர்' என்ற சொல்லில் 'க'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் நின்றது. பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்று. மற்றச் சொற்களும் அப்படியே. ஒரு மணிநேரம் கொம்புகளைத் துண்டு துண்டாக நகர்த்திக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்தது.

இரண்டு அலகுகளுக்கு 'இன்னும் தகைமை பெறவில்லை' என்று முடிவு வந்தது. வரும் வழியில் வாகரை தாண்டும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். நான் டிசைனரே இல்லை, சும்மா எழுத்து மாற்றிக் கொடுக்கிற ஆள், அதை இன்று ஒருவர் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் தோன்றியது.

அந்த வார இறுதியில் திருக்கடலூரில் மாமா ஒரு வள்ளத்துக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் பள்ளி விட்டதும் அங்கேதான் ஓடுவேன். அவர் ஓரம் கீறித் தருவார், நான் உள்ளே பெயின்ட் நிரப்புவேன். வள்ளத்தின் முன்பக்கம் மேலே போகப் போக வெளியே விரியும். அதில் எழுத்தை நேராக எழுதினால் கரையில் நின்று பார்க்கிறவருக்குச் சரிந்து தெரியும். ஆகவே மாமா முன்பக்கத்து எழுத்துகளைக் கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் உயர்த்தி எழுதுவார். பத்தடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், திரும்பி வந்து திருத்துவார். 'ண'வின் மூன்று சுழியில் கடைசிச் சுழியை மட்டும் சற்றுப் பெரிதாகப் போடுவார். நடந்ததை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "உனக்கு இந்த எழுத்துத் தெரியும்தானே பிள்ளை, அதைக் காட்டினியா?" என்றார். காட்டவில்லை. கைவேலை, கடற்கரை வேலை என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

மறுமதிப்பீட்டுக்கு, தவறிய அலகுகளை மட்டும் செய்தால் போதும் என்றார்கள். நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். முதலில் யூனிகோடு. போட்டோஷொப்பில் எழுத்து அமைப்புகளுக்குள் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவு ஒன்று இருக்கிறது. புதிய பதிப்புகளில் 'வேர்ல்ட் ரெடி' என்று வரும். அதைத் தெரிவு செய்து, மென்பொருளை மூடித் திறந்து, புதுக்கோப்பில் ஒட்டினால் கொம்பு தன் இடத்தில் நிற்கும். 11 வருடம் தெரியாத விடயம், இரண்டு நிமிட வேலை. பாமினி விசைப் பழக்கத்தை விட முடியாதவர்கள் பயப்பட வேண்டாம், அதே விசைகளில் யூனிகோடு வரவைக்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. என்.எச்.எம். ரைட்டர் அதில் ஒன்று. அதோடு கூகுள் எழுத்துருக்களில் தமிழ் எவ்வளவு இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். கட்டமரன், முக்த மலர், பலூ தம்பி எல்லாம் இலவசம், வியாபார வேலைக்கும் பாவிக்கலாம். அவற்றுள் கவிவாணர், பவனம் இரண்டையும் வடிவமைத்தவர் நம் நாட்டுக்காரரான தாரிக் அஸீஸ். அதை வாசித்த இரவு நெடுநேரம் தூங்காமல் கவிவாணரின் சரிந்த எழுத்துகளையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்மில் ஒருவர் இதைச் செய்திருக்கிறார்!

மறுமுறை கொண்டுபோன கோப்பில் மயில் இல்லை. நான் எழுதிய மூன்று வள்ளப் பெயர்கள், பென்சில் வரைவு, நூல் பிடித்துக் கோடு போட்ட படம், முடிந்த படம். அதே எழுத்தை வைத்து அமைத்த ஒரு கலியாண அட்டை, மூலக்கோப்போடு. மதிப்பீட்டாளர் சாய்ந்த எழுத்தைக் காட்டி, ஏன் இப்படி என்று கேட்டார். விளக்கினேன். நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன், அவர்தான் கடைசியில் நேரத்தைப் பார்த்தார். செய்முறை முக்கால் மணிநேரத்தில் முடிந்தது.

சான்றிதழில் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்க, விண்ணப்பத்தில் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். என்னுடன் வந்த ஒருவருக்கு முதலெழுத்து மாறி, இன்னும் அலைகிறார்.

'டிசைனர்' என்ற சொல்லைப் பக்கத்தில் திரும்பப் போட்டேன். அதைச் சான்றிதழ் வருவதற்கு முன்பே, இரண்டாம் மதிப்பீட்டிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில் போட்டேன். இப்போது ஞாயிறுகளில் மாமாவை உட்கார்த்தி, அவருடைய எழுத்துகளைத் தாளில் வாங்கிக்கொண்டிருக்கிறேன். எழுத்துருவாக்க வேண்டும். புள்ளி, கொம்பு, அரவு (துணைக்கால்) எல்லாம் ஒருமுறை எழுதினால் போதும். ஆனால் கு, கூ, மு, மூ என்று 18 மெய்க்கும் உகர ஊகாரம் 36ஐயும் தனித்தனியாக எழுதித்தான் ஆக வேண்டும். போன ஞாயிறு 'ஙூ' கேட்டேன். மாமா தூரிகையைப் பிடித்தபடி யோசித்தார். ஐம்பது வருடத்தில் எந்த வள்ளத்துக்கும் அந்த எழுத்து வந்ததில்லையாம். நான்கு தாள் எழுதிப் பார்த்துவிட்டு, அடுத்த கிழமை வா என்று அனுப்பிவிட்டார்.