கம்ப்ரசருக்குக் காப்பர் லைன் போட்டபோது

ஏர் கம்ப்ரசரின் காற்றைக் கொண்டுபோகும் செம்புப் பைப்பைப் பற்றவைக்க ஆன நேரத்தைவிட, காற்றின் ஈரம் குளிர்ந்து சேரும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்துச் சுவரில் கோடு போட ஆன நேரம்தான் அதிகம். டாங்கிலிருந்து காற்று சூடாக வரும்போது அதிலுள்ள ஈரம் ஆவியாகவே இருக்கும். ஈரத்தைப் பிரிக்கும் ஃபில்டர் ஆவியைப் பிடிக்காது, சொட்டாக மாறியதைத்தான் பிடிக்கும். அதனால் ஃபில்டருக்கு முன்னால் 25 அடி பைப்பாவது வேண்டும். இடம் சிறிது என்றால் சுவரிலேயே மேலும் கீழுமாக மூன்று நான்கு முறை மடக்கி, ஒவ்வொரு கீழ்வளைவிலும் ஒரு வடிகால் வால்வு வைக்கலாம். செம்பு சூட்டைச் சீக்கிரம் விட்டுவிடும். இந்த வேலைக்கு அதைத் தேர்ந்தெடுக்க அதுவே பெரிய காரணம்.

மெயின் லைன் முக்கால் இஞ்ச், டைப் எல் (நடுத்தரத் தடிமன் செம்புப் பைப்). மெயினிலிருந்து கீழே வரும் கிளைகள், அதாவது இறக்கங்கள், அரை இஞ்ச். கம்ப்ரசரை விட்டு விலகும் திசையில் பத்தடிக்கு ஒரு இஞ்ச் சரிவு. இறக்கத்துக்கான டீயின் (T வடிவ இணைப்பின்) வாய் மேல்நோக்கி இருக்கட்டும். பைப் அங்கிருந்து கொஞ்சம் ஏறி, இரண்டு எல்போவில் திரும்பி இறங்கினால், மெயினின் அடியில் ஓடும் தண்ணீர் கூடவே வராது. ஹோஸை இறக்கத்தின் நுனியில் மாட்டாமல், பக்கவாட்டு டீயில் எடுங்கள். அதற்கும் கீழே தண்ணீர் தேங்க அரையடி பைப், அதை வடிக்க ஒரு பால் வால்வு.

கம்ப்ரசருக்கும் பைப்புக்கும் நடுவே சூடு தாங்கும் ரப்பர் ஹோஸ் கட்டாயம். அதிர்ந்துகொண்டே இருந்தால் செம்பு இறுகி விரிசல் விடும். பிவிசி வேண்டவே வேண்டாம், உடைந்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும்.

வெட்டியதும் உள்பிசிறை எடுத்து, இரண்டு பரப்பையும் பளபளக்கத் தேய்த்து, உடனே ஃபிளக்ஸ் (பற்று ஒட்ட உதவும் பசை) தடவவேண்டும். சுடர் ஃபிட்டிங்கில் படவேண்டும், உருகிப் பற்றாகும் சால்டர் கம்பியில் அல்ல. ஃபிளக்ஸ் கருகினால் பற்று பிடிக்காது. பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி தொடங்குவதுதான் வழி. வெள்ளீயம் 95, ஆன்டிமனி 5 சதவீதம் கலந்த கம்பியே நல்லது. ஈயம் பாதி கலந்தது 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும், வலுவும் குறைவு.

மிகவும் படுத்தியது கடைசி மூட்டு. வால்வுகள் எல்லாம் மூடியிருந்ததால், உள்ளே விரிந்த காற்று உருகிய பற்றைத் துளைத்துக்கொண்டு வெளியேறியது. ஒரு வால்வைத் திறந்ததும் அதே மூட்டு உடனே பிடித்தது. மரை அடாப்டர்களைத் தனியாகப் பற்றவைத்து, ஆறிய பிறகு மரையில் கசிவு தடுக்கும் டேப் சுற்றி மாட்டுங்கள். இல்லாவிட்டால் டேப்பும் பால் வால்வின் உள்ளே அடைப்பாக இருக்கும் சீட்டும் வெந்துபோகும்.

சோதனைக்கு முதலில் 2 பார் அழுத்தம், மூட்டுகளில் சோப்பு நுரை; பிறகு முழு அழுத்தம். டாங்க் வால்வை மூடி இரவு முழுக்க விடுங்கள். குளிரில் கேஜ் முள் கொஞ்சம் இறங்குவது கசிவல்ல. நுரை வந்ததெல்லாம் மரை மூட்டுகளில்தான். பற்றில் கசிந்தால், அழுத்தத்தை முழுதும் இறக்கிய பிறகே டார்ச்சைக் கையில் எடுக்கவேண்டும்.