மலை மேல் மேகம் கட்டிவிட்டது

மதியம் மூன்று மணிக்கு வடகம் எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். தரையில் கால் வைக்க முடியவில்லை. ஆனால் காலையில் வெறுமையாக இருந்த சேர்வராயன் மலைக்கு மேல் மேகம் கொத்துக் கொத்தாக எழும்பி நின்றது. பார்த்ததுமே மனசு குளிர்ந்தது.

அக்னி நட்சத்திர நாட்களில் வானிலை அறிக்கைக்கு முன்னால் நான் பார்ப்பது இந்த மலையைத்தான். வெயிலில் சூடான காற்று சரிவில் மேலேறும். கடல் பக்கமிருந்து வந்த ஈரமும் சேர்ந்துகொண்டால் மாலைக்குள் இடி மழைதான். இந்த மலை மேலிருக்கும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கீழே எங்கள் சேலம் நகரம் 280 மீட்டர் அளவில். பல நாள் மழை மேலேயே கொட்டித் தீர்ந்துவிடும், நமக்குப் புழுக்கம் மட்டும் மிஞ்சும்.

மாந்தோப்பில் வேலை செய்பவர்களே, ஆடு மேய்ப்பவர்களே, இடிச் சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். தயவுசெய்து மரத்தடியில் ஒதுங்காதீர்கள். போன வருடம் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் புளியமரத்தடியில் இரண்டு ஆடுகள் அப்படித்தான் போயின. கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் போதும்.

இதை எழுதும்போதே காற்று திரும்பிவிட்டது. மண் வாசனை வருகிறது.