பிரஸ் ஆடாத மேசை: இரண்டாம் முயற்சி

சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை மறுபடி நிரப்புவதற்கான பிரஸ்ஸை, அதாவது நெம்புகோலால் இயங்கும் அழுத்தியை, முதலில் ஒரு பழைய எழுத்துமேசையில்தான் மரத்திருகுகளால் பொருத்தினேன். கைத்துப்பாக்கிக் கூடுகள் வரை அது ஒருவாறு தாங்கியது. ரைஃபிள் கூட்டை முழுநீளத்துக்கும் டைக்குள், அதாவது கூட்டைப் பழைய அளவுக்குத் திருத்தும் அச்சுக்குள், செலுத்தியபோதுதான் அதன் வண்டவாளம் தெரிந்தது. நெம்புகோலை அழுத்தினால் மேசை முன்பக்கம் சாய்ந்தது. கூட்டை வெளியே எடுக்க அதை உயர்த்தினால் முன்கால்கள் தரையைவிட்டு எழும்பின. கழுத்தை விரிக்கும் குமிழ் கூட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும்போது ஏற்படும் அந்த மேல்நோக்கிய இழுப்பை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை.

கனம் கூட்டினால் சரியாகிவிடும் என்று கீழ்த்தட்டில் ஈயக் குண்டுப் பெட்டிகளை அடுக்கினேன். கால்கள் எழும்புவது நின்றது, பக்கவாட்டு ஆட்டம் நிற்கவில்லை. எடை மேசையைத் தரையில் இருத்துமே தவிர, தளர்ந்த மூட்டுகளை இறுக்காது. இதற்குள் திருகுகளும் துளையைத் தின்று தளர்ந்திருந்தன.

ஆகவே புதிதாகவே செய்தேன். 18 மி.மீ. ப்ளைவுட் இரண்டை முழுப்பரப்பிலும் பசையிட்டு ஒட்டி 36 மி.மீ. மேற்பலகை, 90 மி.மீ. சதுரக் கால்கள், பின்புறமும் இரு பக்கங்களும் மூலைவிட்டமாகத் தாங்குகட்டைகள். நின்றே வேலை செய்பவன் என்பதால் உயரம் 97 செ.மீ. பின்சட்டத்தைச் செங்கல் சுவரோடு ஆங்கர் போல்ட்டுகளால் பிணைத்தேன்; மரச்சட்டச் சுவராக இருந்தால் மேலுறைப் பலகையில் அல்ல, உள்ளே நிற்கும் சட்டத்திலேயே திருகு இறங்க வேண்டும்.

பிரஸ்ஸின் இடத்தைத் தேர்வதில் ஒரு தவறு செய்தேன். விசை நேராகத் தரைக்கு இறங்கட்டும் என்று முன்காலுக்கு மேலேயே குறியிட்டுத் துளையிட்டதில், ஒரு துளை காலின் நடுவில் போய் முடிந்தது. அடியில் நட் வைக்க இடமில்லை. அதை அடைத்துவிட்டு, காலை ஒட்டி ஒரு சாண் தள்ளி மறுபடி துளையிட்டேன். இம்முறை முதலில் கிளாம்ப்பால் பிடித்துவைத்து, நெம்புகோல் முழு வீச்சும் முழங்காலிலோ சட்டத்திலோ இடிக்காமல் போய்வருகிறதா, பலகைக்குக் கீழே இறங்கும் இணைப்புக்கைகள் விளிம்புக்கு வெளியே தடையின்றி அசைகின்றனவா என்று பார்த்த பிறகே ட்ரில்லை எடுத்தேன். மரத்திருகுகளுக்குப் பதிலாகப் பலகையை ஊடுருவும் போல்ட்டுகள். அடியில் வாஷருக்குப் பதில் ஓர் இரும்புத்தகடு, ஏனெனில் சிறிய வாஷர் ப்ளைவுட்டுக்குள் புதைந்துவிடுகிறது.

மேசைமீது விளிம்புவரை நீர் நிரப்பிய தம்ளரை வைத்து ரைஃபிள் கூடு ஒன்றை அளவு திருத்தினேன். நீர் சிந்தவில்லை, ஆனால் மெல்லிய வளையங்கள் எழுந்தன. அதனால் தராசை எதிர்ச்சுவரில் தனித்தட்டுக்கு மாற்றினேன். வெடிமருந்து அளவியும் அங்கேயே போயிற்று; அதிர்வால் மருந்து அடர்ந்து படிந்தால், ஒவ்வொரு முறையும் விழும் எடை மாறும். மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணமான பிரைமர் கூட்டின் அடியில் அமரும் அந்தச் சிறு தடுப்பை இப்போது விரல்களில் தெளிவாக உணர முடிகிறது. முன்பு மேசையின் நெளிவு அதை விழுங்கியிருந்தது.

முதல் 200 கூடுகள் முடிந்ததும் நட்டுகள் அரைச்சுற்று இறுகின, மரம் அமுங்கியிருக்கிறது. அடுத்த 100க்குப் பின் மறுபடி ஸ்பேனரை வைத்துப் பார்த்தேன். எதுவும் நகரவில்லை.