மூட்டைக்கு இவ்வளவு மகமை

எங்கள் பெரியப்பா விருதுநகரில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதினார். முழுப் பரீட்சை லீவில் மதுரையிலிருந்து போனால் என்னையும் கடைக்குக் கூட்டிப் போய்விடுவார். கொத்தமல்லி மூட்டையில் குத்தூசியைச் செருகி இழுத்து, வந்ததை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்துத்தான் ரகம் சொல்வார்கள். ராத்திரி சாப்பிடும்போதும் கையில் அந்த வாசனை இருக்கும். அப்புறம் அந்த பில் புத்தகம். விலை, கமிஷன், கூலி எல்லாம் எழுதி முடித்து, அடியில் ‘மகமை’ என்று ஒரு வரி, பக்கத்தில் சில்லறைக் காசு. இது யாருக்குப் பெரியப்பா என்று கேட்டேன். “ஊருக்குடா” என்றார், அவ்வளவுதான்.

வர்த்தக சங்க வரலாறு என்றால் பதிவு செய்த வருஷத்தில் ஆரம்பித்து வரிசையாகத் தலைவர்கள் படம் போடுவார்கள். எனக்கென்னவோ அது அந்த பில்லின் கடைசி வரியில்தான் ஆரம்பிக்கிறது. ரயில் வருவதற்கு முன் மாட்டு வண்டியில் சரக்கு கொண்டுபோன நாடார் வியாபாரிகள் வழியில் வண்டியும் சரக்குமாகப் பத்திரமாகத் தங்க ஊருக்கு ஊர் பேட்டை கட்டினார்கள். பேட்டைக்குக் காவல் வேண்டும், தண்ணீர் வேண்டும், அதற்குத்தான் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை. உறவின்முறை, அதாவது அவர்களுடைய ஊர்ச் சாதிச் சங்கம், அதை வசூலித்துக் கணக்கு வைத்தது. 1876-ல் மதுரை–தூத்துக்குடி ரயில் ஓடத் தொடங்கி, விருதுபட்டியில், அதாவது இன்றைய விருதுநகரில், பஞ்சும் வத்தலும் குவிந்தபோது மகமையும் பெருகியது. நாடார்களைக் கோயிலுக்குள் விடமாட்டோம் என்று சொன்ன காலத்தில், அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து அதற்குக் கொடுத்தார்கள். காமராஜர் படித்த க்ஷத்ரிய வித்யாசாலை அதுதான். ஊருக்கு விருதுநகர் என்று பெயர் மாறியதெல்லாம் 1923-ல்.

ஆனால் உறவின்முறை ஒரு சாதிக்குள் நின்றுவிடும். மதுரை கடைவீதியில் செட்டியார், ராவுத்தர், சௌராஷ்டிரர், சேட்டு என்று எல்லோரும் கடை போட்டிருக்கும்போது அது போதாது. 1924-ல் மதுரையில் ஆரம்பித்த சங்கத்துக்கு மதுரை–ராமநாதபுரம் வர்த்தக சங்கம் என்று பெயர். ராமநாதபுரம் ஏன் வந்தது? 1910-ல் பிரித்த அந்த மாவட்டத்துக்குள்தான் விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை எல்லாம் 1985 வரை இருந்தன. அதன் கலெக்டர் ஆபீஸே வெகுகாலம் மதுரையில்தான் இருந்தது! சரக்கு அங்கே, சந்தை இங்கே. இன்று காமராஜர் சாலையில் தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் என்ற பெயரில் இருப்பது அதுதான். 1939-ல் ராஜாஜி விற்பனை வரி கொண்டுவந்த பிறகு இப்படி ஒரு சங்கம் இல்லாமல் வியாபாரிக்கு முடியாது என்றாகிவிட்டது. மகமை ஊருக்குள் பார்த்துக்கொள்ள, மனு எழுத சங்கம்.

விருதுநகர் சங்கம் வேறு வழியில் போனது. வாரா வாரம் பேப்பரில் ‘விருதுநகர் மார்க்கெட்’ என்று வருகிறதே, பாமாயில் 15 கிலோ டின் இவ்வளவு, மல்லி 40 கிலோ மூட்டை இவ்வளவு என்று, அது அங்கத்திய வியாபாரத் தொழில்துறைச் சங்கம் சொல்லும் விலை. கப்பலில் வரும் பாமாயிலுக்கும் குண்டூர் வத்தலுக்கும் இந்த வறண்ட கரிசக்காட்டு ஊர் விலை சொல்கிறது என்பதில் எனக்கு இன்னும் ஒரு சின்னக் கர்வம் உண்டு, நான் மதுரைக்காரனாக இருந்தாலும்.

நானும் இப்போது ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஒரு சங்கக் கூட்டத்துக்குப் போனேன், மூன்று மணி நேரம் ஜி.எஸ்.டி. தவிர வேறு பேச்சே இல்லை, காபி மட்டும் நன்றாக இருந்தது. போன மாதம் விருதுநகரில் சரக்கு எடுத்தேன். கம்ப்யூட்டர் பில்தான், எல்லா வரியும் அச்சாகி வந்தது. கடைக்காரர் அதை வாங்கி, காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, கீழே இடம் தேடி ‘மகமை’ என்று எழுதித் தொகையும் போட்டுக் கொடுத்தார். அந்த சாஃப்ட்வேரில் அதற்குக் கட்டம் இல்லையாம்.